டாஸ்க் மேனேஜரில் 70 ‘சர்வீஸ் ஹோஸ்ட்’: எதை நிறுத்தலாம்?

கயல்_இல்லம்: வணக்கம். எங்கள் வீட்டுக் கணினி சில வாரங்களாகத் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயரில் மட்டும் 70க்கு மேல் ஓடுகின்றன. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? மகனுக்கு நாளை மறுநாள் இணையவழித் தேர்வு இருப்பதால் விரைவில் பதில் தேவை.

நிழல்மரம்: எந்த விண்டோஸ், எவ்வளவு ராம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. சி.பி.யு., டிஸ்க் ஆகியவற்றில் எது உச்சத்தைத் தொடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

பொருநை: எனக்குத் தெரிந்து இது, அடிக்கடி பயன்படும் நிரல்களை முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும் ‘சிஸ்மெயின்’ சேவையின் வேலைதான், முன்பு அதற்கு சூப்பர்ஃபெட்ச் என்று பெயர். அதை முடக்கிய நாளிலிருந்து என் கணினி நன்றாக ஓடுகிறது.

மூத்தவன்_64: இதற்கு இங்கே எத்தனையோ முறை விடை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர்களுக்காக மீண்டும் எழுதுகிறேன். சர்வீஸ் ஹோஸ்ட் என்பது, தாமாக ஓட முடியாத டி.எல்.எல். கோப்புகளாக உள்ள விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஏற்றி ஓட்டுகிற கூடு. முன்பு ஒரே கூட்டுக்குள் பல சேவைகள் அடைந்திருந்தன; 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பு முதல், 3.5 ஜி.பி.க்கு மேல் ராம் உள்ள கணினிகளில், ஒன்று விழுந்தால் மற்றவையும் விழாமல் இருப்பதற்காகப் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனிக் கூடு கொடுக்கப்பட்டது. ஆகவே 70 என்ற எண்ணிக்கை நோயின் அறிகுறி அன்று. கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினால் இணையமோ ஒலியோ போய்விடும்.

கயல்_இல்லம்: விண்டோஸ் 10, 8 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: சற்று நேரம் தொடாமல் விட்டால் கணினியின் விசிறி இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் அடங்கிவிடுகிறது.

நிழல்மரம்: முதலிலேயே வந்திருக்க வேண்டிய செய்தி இதுதான், சகோதரி. கணினி சும்மா இருக்கும்போது விண்டோஸே பராமரிப்பு வேலைகளைச் செய்யும் என்பதால் வெறும் இரைச்சலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் திருட்டுத்தனமாக கிரிப்டோ மைனிங் செய்யும், அதாவது உங்கள் கணினியின் உழைப்பில் வேறொருவருக்கு மின்-நாணயம் ஈட்டித் தரும், நிரல்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்தவுடன் பதுங்கும்படியே எழுதப்பட்டவை. பதுங்கினாலும், நிரல் முழுதாக மூடிக்கொள்ளாத வரை அதன் கணக்கு அழியாது. ‘டீடெயில்ஸ்’ பக்கத்தின் தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு செய்து, ‘சி.பி.யு. டைம்’, ‘இமேஜ் பாத் நேம்’ இரண்டையும் சேருங்கள். முதலாவது, ஒவ்வொரு நிரலும் தொடங்கியதிலிருந்து செயலியை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தது என்று காட்டும். அடுத்தது, அது எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று காட்டும். ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ முதலிடத்தில் நின்றால் விட்டுவிடுங்கள். அது செயலி ஓய்ந்திருந்த நேரம். அசல் சர்வீஸ் ஹோஸ்ட் விண்டோஸ் கோப்புறைக்குள், வழக்கமாக சிஸ்டம்32இல், இருக்கும்.

பொருநை: இவ்வளவு எதற்கு? ‘யூசர் நேம்’ பகுதியில் உங்கள் பெயரோடு ஓடும் சர்வீஸ் ஹோஸ்ட் எல்லாம் வைரஸ்தான்.

மூத்தவன்_64: தவறு. விண்டோஸ் 10இல் பயனரின் பெயரிலேயே ஓடும் சேவைகள் உண்டு. கிளிப்போர்டு சேவை அவற்றுள் ஒன்று. அரைகுறை விதிகளைப் புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

பொருநை: விண்டோஸ் 7 காலத்தில் இந்த விதி எனக்குப் பலமுறை கைகொடுத்தது. தவறைத் திருத்துங்கள், ஏற்கிறேன்; ‘அரைகுறை’ என்ற சொல் வேண்டாம்.

கயல்_இல்லம்: ஒரு சர்வீஸ் ஹோஸ்டில் மட்டும் 9 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. பாதையில் ஆப்டேட்டா, ரோமிங் என்று உள்ளது. நிறுத்தினால் மீண்டும் வந்துவிடுகிறது.

நிழல்மரம்: அந்தப் பாதை விண்டோஸ் கோப்புறைக்கு வெளியே இருப்பதால் அது வேடமிட்ட நிரல். அதை மீண்டும் எழுப்புவது பெரும்பாலும், நிரல்களைக் குறித்தபடி தானே தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள ஒரு பதிவாக இருக்கும். தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோரன்ஸ்’ கருவியில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டுப் பார்த்தால் அகப்படும். பதிவை முதலில் நீக்கி, நிரலை நிறுத்திவிட்டுக் கோப்பை நீக்குங்கள். பிறகு விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால் பதுங்க இடமிருக்காது. கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

கயல்_இல்லம்: பதிவையும் கோப்பையும் நீக்கினேன். ஸ்கேன் இன்னும் இரண்டைப் பிடித்தது. இப்போது இரைச்சல் இல்லை. அனைவருக்கும் நன்றி.

நிழல்மரம்: மகிழ்ச்சி. நீக்குவதற்கு முன் அந்தப் பதிவு உருவான தேதியைக் கவனித்தீர்களா? அந்த நாளில் என்ன நிறுவப்பட்டது என்று மகனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.