புதுப்பிப்பு: பயித்தங்கா கொடி அசுவினிக்குப் பூஞ்சை அடிச்சது

3 வாரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தேன்ல, சுங்கை சிப்புட்ல வீட்டுக்குப் பின்னாடி போட்ட பயித்தங்கா கொடியெல்லாம் கறுப்பு அசுவினி (சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி) அப்பிக்கிச்சு, பூச்சியக் கொல்ற பிவேரியா பூஞ்சை பவுடர் அடிச்சும் ஒண்ணும் ஆகலன்னு. இப்ப வேலை செய்யுது!

தப்பு அடிச்ச நேரத்துல தான். காலைல 10 மணிக்கு அடிச்சேன், வெயில் பட்டா பூஞ்சையோட வித்து (அதோட விதை மாதிரி) செத்துடும். மழை ஓஞ்சு சாயங்காலம் 7 மணிவாக்குல இலைக்கு அடிப்பக்கம் நல்லா நனையிற மாதிரி அடிங்கன்னு இங்க ஒரு அண்ணன் சொன்னாரு, அப்படியே செஞ்சேன். இது பூச்சி தின்னு சாகுற வெசம் இல்ல, வித்து தோல்ல ஒட்டி முளைச்சு தோலத் தொளைச்சு உள்ள போவுது, அதுக்கு ஈரம் வேணும், நாளும் ஆகும். 5 நாள் கழிச்சு ஒரு இலையத் திருப்பிப் பாத்தேன், நரம்போரமா அசையாம ஒட்டிக்கிட்டிருந்த பூச்சி மேல வெள்ளையா பஞ்சு மாதிரி. அவ்ளோ சந்தோசம், அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நுனிக்கொழுந்துல மட்டும் இன்னும் இருக்கு, அசுவினி தோல் உரிக்கும்போது ஒட்டுன வித்தும் சேந்து போயிடுது, அதான் வாராவாரம் அடிக்கிறேன். எறும்பையும் பாருங்க, அசுவினி விடுற இனிப்பான தேன்தண்ணிக்காக இதுங்களக் காவல் காக்குது. பூஞ்சைக்கொல்லி மருந்த மட்டும் கூட கலந்துடாதீங்க, இதுவும் பூஞ்சை தானே லா.