வீட்டுப் பெரியவர்களுக்குச் சென்சார் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை மகள்:
அம்மா வீட்டில் மாட்டியது கேமரா இல்லை, அசைவைப் பார்க்கும் சென்சார்கள்தான். துபாயில் இருக்கும் அண்ணன் ஏற்பாடு. மாட்டிய வாரமே விடியற்காலை நாலு மணிக்கு முன்பு அவனுக்கு எச்சரிக்கை: "வழக்கத்துக்கு மாறான இரவு நடமாட்டம்." அம்மா போனை எடுக்கவில்லை. அவன் என்னை எழுப்ப, நான் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பினேன். அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், அம்மா அடிபம்பில் இரண்டாவது குடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறாள்! "தண்ணீர் வருகிற நேரம் தெருவுக்கே தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையா?" என்றாளாம். பொழுது விடிவதற்குள், "பாவம், ராத்திரியில் எழுந்து நடக்கிறார்களாம்" என்று தெருவில் பேச்சு பரவிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழக்கத்தைக் கருவி சில வாரங்கள் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுமாம். அம்மாவிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

காசிமேட்டுப் பேரன்:
எங்கள் தாத்தாவிடம் கேட்டார்கள். ஒரு கல்லூரி மாணவர்கள் சோதனைக்காக வந்து, எங்கே மாட்டலாம் என்று சாக்பீஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சமையலறைக்கும் பின்வாசலுக்கும் குறி போட்டார், கட்டில் பக்கம் கூடாது என்றார். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியதும் அதன்மேல் விரலை வைத்து, "படகில் சிவப்பு என்றால் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம். இது எதற்கம்மா எரிகிறது?" என்றார். மாட்ட வந்த மாணவியிடம் பதில் இல்லை. அங்கேயே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். "மணி முதலில் எனக்கு அடிக்கட்டும். நான் பதில் சொல்லாவிட்டால் மகனுக்குப் போகட்டும். அவன் வீட்டிலும் ஒன்று மாட்டுங்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று நானும் பார்க்கிறேன்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை:
தாத்தா கதை கேட்க நன்றாக இருக்கிறது, தம்பி. அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் குளியலறைக்கு யார் சம்மதிப்பார்கள்? என் அப்பாவும் கூடத்தோடு நிறுத்தச் சொன்னார். விழுந்தது குளியலறையில். இந்தச் சென்சாருக்கு நகரும் உடம்புச் சூடுதான் தெரியும். தூங்குகிறவர், விழுந்து கிடக்கிறவர், ஆளில்லாத வீடு மூன்றும் அதற்கு ஒன்றே. செயலியில் "அமைதி" என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துக் கதவைத் தட்டியவர் பால்காரர். அப்பா பிழைத்துக்கொண்டார், இடுப்பில் பிளேட்.

திருவொற்றியூர் மாமா:
எங்கள் வீட்டில் பல்லி சென்சார் மேலேயே ஊர்ந்து, ஊருக்குப் போயிருந்த அத்தை "நடமாடினார்". அதை விடுங்கள். எல்லோரும் கவனிக்க வேண்டியது இதுதான்: ரூட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். கட்டாயம். கரண்ட் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் சென்சார் வெறும் டப்பா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாம் பட்டது மறந்துவிட்டதா? முடிந்தால் சிம் கார்டு போடும் மாதிரியாக வாங்குங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலைப் பார்த்து மாட்டாதீர்கள். கடலோர வீடென்றால் பேட்டரி முனையில் உப்புக்காற்றுத் துரு பிடிக்கும், அவ்வப்போது திறந்து துடையுங்கள். முதியோர் உதவி எண் 14567, அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஜப்பானில் 2001-லேயே ஸோஜிருஷி நிறுவனம் வெந்நீர்க் கெட்டிலையே கருவியாக்கியது. பெரியவர் தேநீருக்கு வெந்நீர் எடுத்தால் பிள்ளைக்குச் செய்தி போகும். அவர் நாளும் செய்கிற வேலையே தகவலாகிவிடுகிறது. மூளை என்றால் அதுதான்.

தண்டையார்பேட்டை மகள்:
மாமா, யூ.பி.எஸ். பற்றி நான் கேட்கவே இல்லை. வண்ணாரப்பேட்டை அண்ணா, குளியலறைக்குள் எதுவும் வேண்டாம், கதவு திறப்பதையும் மூடுவதையும் சொல்லும் காந்த சென்சாரைக் கதவில் வைத்துக்கொள் என்று அம்மாவே சொன்னாள். கதவு அரை மணி நேரம் மூடியே இருந்தால் முதலில் வீட்டுக்குள் மணி, அவள் நிறுத்தாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, கடைசியில்தான் அண்ணனுக்கு. வரிசையும் அவள் போட்டதுதான். அந்தக் கெட்டில் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் அம்மா காபி போடுவது காஸ் அடுப்பில். அதற்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.