பொருள்: ‘விர்ச்சுவல் கேன்வாஸ்’ – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டளை தட்டிப் படங்களைத் திருத்த உதவும் இமேஜ்மேஜிக் என்ற நிரலின் உதவிக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். ரீசைஸுக்கு ‘அளவு மாற்று’, ரொட்டேட்டுக்கு ‘சுழற்று’, கிராப்புக்கு ‘கத்தரி’ என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி, ‘விர்ச்சுவல் கேன்வாஸ்’ வந்ததும் நின்றுவிட்டது. ‘மெய்நிகர் கித்தான்’ என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய எனக்கே லாரி மேல் போர்த்தும் தார்ப்பாய்தான் கண் முன்னால் வந்தது.

சொல்லைத் தேடும் முன், இந்த விஷயம் ஆளை எங்கே கவிழ்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் பழைய சிற்றிதழ் ஒன்றை ஸ்கேன் செய்தோம். ஏ4 படுக்கைவாட்டில், 300 டிபிஐ. விரித்துவைத்த இரண்டு பக்கமும் ஒரே படமாக வரும், 3508×2480 பிக்சல். அதை நடுவில் பிளக்க ‘-கிராப் 50%×100%’ கொடுத்தேன். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவது இந்த மடலுக்காக மட்டும். முனையத்தில் இப்படித் தட்டினால் அது முறைக்கும்.) இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பிஎன்ஜி கோப்புகள் வந்தன. திறந்து பார்த்தேன், இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

அடுத்து, ஓரத்துக் கறுப்பை நீக்க எல்லாக் கோப்புக்கும் ஒரே கட்டளை: ‘-கிராப் 1600×2300+70+90’ (அகலம், உயரம், பிறகு இடமிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தள்ளி வெட்டுவது என்பது). இடப்பக்கங்கள் அழகாக வந்தன. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும், ‘நீ சொன்ன பகுதி படத்துக்குள் இல்லை’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை. கையில் கிடைத்ததோ ஒரே ஒரு பிக்சல், அதிலும் நிறம் என்று எதுவும் கிடையாது. பாதி இதழைக் காணோம்!

கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அரைநாள் உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்தேன். மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் படத்தின் விவரங்களைக் காட்டும் ‘ஐடென்டிஃபை’ கட்டளையை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. வலப்பக்கக் கோப்புக்கு அது காட்டிய எண்கள்: 1754×2480, அதை அடுத்து 3508×2480+1754+0.

முதல் ஜோடி துண்டின் சொந்த அளவு. இரண்டாவது, அது எந்தப் படத்திலிருந்து வெட்டப்பட்டதோ அதன் முழு அளவு; விர்ச்சுவல் கேன்வாஸ் என்பது இந்தப் பரப்புதான். கடைசியில் உள்ள +1754+0, அந்த முழுப் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து துண்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. ஆக, வெட்டி எடுத்த பிறகும் துண்டு தன் பழைய இடத்தை மறக்கவில்லை. இரண்டாம் முறை கத்தரித்தபோது நான் சொன்ன 70ஐ இமேஜ்மேஜிக் பழைய முழுப் படத்தின் ஓரத்திலிருந்து எண்ணியிருக்கிறது. 70இல் தொடங்கினால் வெட்டு 1670இல் முடிந்துவிடும். துண்டோ 1754இல்தான் ஆரம்பம். அங்கே வெட்ட என்ன இருக்கும்?

கிராப்பை அடுத்து ‘+ரீபேஜ்’ என்று ஒரு சொல் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. பழைய இட நினைவு அழிந்துவிடும். கூட்டல் குறி போட்டு அழிப்பதா என்று கேட்காதீர்கள். கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் ‘செட் -எக்ஸ்’ இயக்குவதை ‘செட் +எக்ஸ்’ அணைக்கிறதே, அந்தக் குடும்ப வழக்கம்தான் இது. 1987இல் டியூபான்ட்டில் ஜான் கிறிஸ்டி தொடங்கி, 1990இல் பொதுவெளிக்கு வந்த நிரல். வயதானவர்களுக்கு உள்ள சில பிடிவாதங்கள் அதற்கும் உண்டு.

இன்னொரு குழப்பம்: இதையே ஜேபெக்கில் செய்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்தே இருக்காது. அந்தக் கோப்பு வடிவத்தில் இந்த எண்களை எழுதிவைக்க இடமில்லை, அதனால் சேமிக்கும்போதே மறந்துவிடும். பிஎன்ஜியும் ஜிஃப்பும் நினைவில் வைத்திருக்கும். ‘என் கணினியில் சரியாக வருகிறதே’ என்று பாதிப் பேர் சொல்வது இதனால்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கிழி’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. மடலேறும் தலைவன் தலைவியின் உருவத்தை எழுதிக் கையில் ஏந்துவானே, அந்தத் துணிக்குக் கிழி என்றுதான் பெயர். கேன்வாஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் உதவிக் குறிப்பில் ‘படத்தின் கிழி’ என்று எழுதினால் யாராவது கிழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

என் பரிந்துரை: தாய்ப்பரப்பு. ஒரு நிலத்தைக் கூறுபோட்டு விற்றாலும் மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார் அல்லவா? துண்டுக்குப் பின்னால் முழுசு இருந்த நினைவு அது. ‘+ரீபேஜ்’ கொடுப்பது கூட்டுப்பட்டாவிலிருந்து தனிப்பட்டா வாங்குவது மாதிரி. அதனால் அதற்குத் ‘தனிப்படுத்து’. தள்ளி நிற்கும் அளவான ஆஃப்செட்டுக்குத் ‘தள்ளளவு’. என்ன சொல்கிறீர்கள்?

* * *

பதில் 1

ஐயா, வணக்கம். குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். கேன்வாஸ் என்றே எழுதினால் என்ன? கேன்வாஸ் ஷூ போடாத பிள்ளை உண்டா? உங்கள் மடலிலேயே பிக்சல் பிக்சலாகத்தான் இருக்கிறது, அதற்கு நீங்கள் சொல் தேடவில்லை. தவிர, ‘படம்’ என்ற சொல்லுக்கே பழைய பொருள் துணிதான், சித்திரம் எழுதிய சீலை. துணிக்கு மேல் இன்னொரு துணி எதற்கு?

உங்கள் வலப்பக்கக் கதை மட்டும் என் கண்ணைத் திறந்துவிட்டது. போன வருஷம் ஓர் அசைபடத்தைச் சிறிதாக்கப் போய், சட்டகங்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. அதுவும் இதே நோய்தானோ?

* * *

பதில் 2

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

> என் பரிந்துரை: தாய்ப்பரப்பு.

நல்லாயிருக்கு, ஆனால் இரண்டு இடத்தில் இடறுது. முதலாவது, பட்டாவும் தாய்ப்பத்திரமும் எங்கட பக்கம் புழக்கத்தில் இல்லை. இங்கே காணிக்கு ‘உறுதி’ என்றுதான் சொல்வோம். உவமை விளங்காவிட்டால் சொல்லும் பாதி செத்த மாதிரி.

இரண்டாவதுதான் முக்கியம். எல்லாப் படமும் வேறொன்றிலிருந்து வெட்டி எடுத்தது இல்லையே? எங்கேயும் வெட்டாத ஒரு படத்துக்கு ‘-ரீபேஜ் 1000×1000+50+50’ என்று கொடுத்தால், 1000க்கு 1000 பரப்பில் 50 தள்ளி நிற்பதாக அது நினைக்கத் தொடங்கிவிடும். பெறாத பிள்ளைக்கு எங்கே போய்த் தாயைத் தேடுகிறது?

‘வளவு’ என்று சொன்னால் என்ன? இங்கே வீட்டைச் சுற்றியுள்ள காணியை வளவு என்கிறோம். வீடு வேறு, வளவு வேறு. வளவுக்கு நடுவிலும் வீடு இருக்கலாம், ஒரு மூலையிலும் இருக்கலாம். வீடு வந்த பிறகு வளவு வாங்கினாலும் வளவுதான். செட்டிநாட்டுப் பக்கமும் இந்தச் சொல் இருப்பதாகப் படித்திருக்கிறேன், பொருள் கொஞ்சம் வேறு.

தள்ளளவு கழித்தலிலும் வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். -20 என்றால் படத்தின் ஓரம் வளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரம், எல்லாவற்றையும் ஒரே படமாக்குகிற ‘-ஃபிளாட்டன்’ கொடுத்தால் வளவுக்குள் உள்ளது மட்டும்தான் மிஞ்சும், வெளியே நின்றது போய்விடும். வேலி தாண்டி வந்த கிளையைப் பக்கத்து வீட்டுக்காரர் தறிக்கிற மாதிரித்தான். வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

* * *

பதில் 3

தம்பி, ஒப்புக்கொண்டேன். ‘பெறாத பிள்ளைக்குத் தாய்’ என்ற ஒரு வரியில் என் சொல்லை முடித்துவிட்டீர்கள். அரைநாள் யோசித்த சொல் என்பதால் கொஞ்சம் வருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

கேன்வாஸே போதும் என்றவருக்கு: பிக்சலை விட்டது சோம்பலால் இல்லை. பிக்சல் என்றால் புள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதை யாரும் தப்பாகப் புரிந்துகொண்டு கோப்பைத் தொலைப்பதில்லை. கேன்வாஸ் அப்படி இல்லை. கேட்டதும் ‘படம் வரைகிற பரப்பு’ என்றுதான் தோன்றும். அது படத்தைவிடப் பெரிதாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, படம் அதற்குள் ஒரு மூலையில் நிற்கும் என்பது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. ‘வளவு’ என்றதும் இந்த மூன்றில் இரண்டு தானாக வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாதது என்பதை மட்டும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் அசைபடமும் இதே நோய்தான். அதிலேயே புதுச் சொல்லை ஓட்டிப் பார்த்தேன். சிக்கனமாகச் செய்த ஜிஃப் அசைபடத்தில் முதல் சட்டகம் மட்டும்தான் முழுசாக இருக்கும். மற்றவை மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ஒரே வளவுக்குள் நான் இத்தனை தள்ளி நிற்கிறேன்’ என்று குறித்துக்கொள்ளும். நீங்கள் அதை அப்படியே சிறிதாக்கியிருப்பீர்கள், சட்டகங்கள் இடம் தவறியிருக்கும். முதலில் ‘-கோலெஸ்’ கொடுங்கள். அது ஒவ்வொரு சட்டகத்தையும் வளவு முழுவதும் நிரப்பிவிடும். அதன்பின் அளவை மாற்றிவிட்டு, கடைசியில் வேண்டுமானால் மறுபடி சிக்கனப்படுத்தலாம். மேலே உள்ள விளக்கத்தில் ‘வளவு’ வந்த இடத்தில் எல்லாம் ‘தாய்ப்பரப்பு’ போட்டுப் படித்தேன், நாக்கு தடுக்கியது.

இதை ஒட்டி ‘தனிப்படுத்து’ம் போகிறது. ‘+ரீபேஜ்’ இனி ‘வளவு நீக்கு’, எண்களோடு வரும் ‘-ரீபேஜ்’ ‘வளவு குறி’. உதவிக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்:

‘கத்தரித்த துண்டு பழைய வளவையும் தன் தள்ளளவையும் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு வேண்டாம் என்றால் கத்தரித்த கையோடு வளவை நீக்குங்கள். பிஎன்ஜி, ஜிஃப் கோப்புகளில் இதை மறந்தால், அடுத்த முறை கத்தரிக்கும்போது படம் காணாமல் போகலாம்.’

தள்ளளவைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. ‘விலக்கம்’ வேண்டாம், அதைப் புள்ளியியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் தள்ளளவு என்றே கோப்பில் ஏற்றிவிடுவேன்.