புதுப்பிப்பு: சிலம்பச் சண்டை கட்சீனில் அடி இப்போது உறைக்கிறது

நான் உருவாக்கும் கேமின் கட்சீனில் (ஆட்டத்துக்கு நடுவே ஓடும் குட்டிப் படக் காட்சி) சிலம்பக் கம்பு பட்டாலும் பஞ்சு பட்ட மாதிரி இருக்கிறதே என்று போன மாதம் புலம்பியிருந்தேன். சரியாகிவிட்டது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சிலம்பம் பழகும் ஓர் அண்ணனிடம் கேட்டு, மொபைலில் வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். முதலில் திரும்புவது இடுப்பு. அப்புறம் தோள். கம்பு கடைசியில்தான் வருகிறது. நானோ மூன்றையும் ஒரே கீஃபிரேமில் (அசைவின் முக்கிய நிலையைக் குறித்து வைக்கும் ஃபிரேம்) திருப்பி வைத்திருந்தேன்!

பிரித்து வைத்ததுமே பாதி உயிர் வந்தது. கம்பு படும் கணத்தில் 3 ஃபிரேம் அப்படியே நிறுத்தினேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் நொடியில் எட்டில் ஒரு பங்குதான். நின்றதே தெரியவில்லை, அடி மட்டும் விழுகிறது. தலை சுற்றியதால் கேமரா ஆட்டத்தையும் குறைத்தேன்.

மணலில் கால் வழுக்குவதைச் சரிசெய்வது இன்னும் பாக்கி.