100% காட்டுகிறது, முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது: பேட்டரியைக் காப்பாற்ற வழி உண்டா?

தும்பி:
வணக்கம். மடிக்கணினி வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்தே வேலை என்பதால் சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை. பெரும்பாலும் மெத்தையில் வைத்துத்தான் வேலை. இப்போது சார்ஜரை எடுத்தால் 100% என்று காட்டிவிட்டு, 35% வருவதற்குள் பட்டென்று அணைந்துவிடுகிறது. பழைய சார்ஜர் தொலைந்துபோனதால், முனை பொருந்துகிற வேறொன்றைப் பயன்படுத்துகிறேன். அதுதான் காரணமா? இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்ததா? டச்பேடின் இடப்பக்கமும் சில வாரங்களாக அழுத்தினால் இறங்குவதில்லை. அது வேறு கோளாறு என்று நினைத்து, மௌஸ் வைத்துச் சமாளிக்கிறேன்.

வேப்பம்பூ:
சார்ஜ் முழுவதும் இறங்கும்வரை ஓடவிட்டு, பிறகு 100% ஏற்றுங்கள். மூன்று முறை செய்தால் பேட்டரி பழையபடி நிற்கும். என் பழைய கருவிகளுக்கு அப்படித்தான் செய்து வந்தேன்.

திருப்புளி:
வேப்பம்பூ, அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம். இப்போதைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயான். அதை அடிக்கடி பூஜ்ஜியம்வரை இறக்கினால் தேய்மானம்தான் கூடும். காட்டும் சதவீதம் தவறாக இருந்தால் எப்போதாவது ஒருமுறை இறக்கி ஏற்றுவது கணக்கைச் சரிசெய்யும். இழந்த கொள்ளளவு அதனால் திரும்பி வராது.

தும்பி, எனக்கு அந்த டச்பேடுதான் உறுத்துகிறது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். மூடிய கணினியைச் சமதளமான மேசையில் வைத்து ஒரு மூலையை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஆடுகிறதா? அடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் என்ன வோல்ட், சார்ஜரில் என்ன வோல்ட் என்பதையும் எழுதுங்கள்.

தும்பி:
ஆடுகிறது ஐயா. டச்பேடின் இடது ஓரம் மேலெழும்பி, ஒரு தாள் உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மூடியும் ஒரு பக்கம் சரியாகப் படியவில்லை. கணினியில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், சார்ஜரில் 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர். போன வாரம் எடுத்து வைத்த பேட்டரி அறிக்கையில், வடிவமைப்புக் கொள்ளளவு 41,040 மில்லிவாட் மணி, இப்போதைய முழுக் கொள்ளளவு 22,300.

திருப்புளி:
பேட்டரி உப்பிவிட்டது. இனி ஒரு நிமிடம்கூடச் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் மின்பகுபொருள் (மின்னூட்டத்தைக் கடத்தும் ரசாயனம்) சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அந்த வீக்கம்தான் டச்பேடை அடியிலிருந்து தள்ளுகிறது. அழுத்தி உள்ளே தள்ளவோ, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றவோ வேண்டாம், தீப்பிடிக்கும். தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத, வெயில் படாத தரையில் வையுங்கள். சூடோ புகையோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் அருகே போகாமல் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

சார்ஜர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வோல்ட் ஒன்றாகவே இருக்கிறது. 65 வாட் தேவைப்படும் இடத்தில் 45 வாட் கிடைப்பதால் சார்ஜ் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். வோல்ட் மாறியிருந்தால் கதை வேறு. ஆம்பியர் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை, கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

தும்பி:
கைகள் நடுங்குகின்றன. உள்ளே இரண்டு ஆண்டு வேலை இருக்கிறது. ஒரே ஒரு முறை போட்டு நகலெடுத்துக்கொள்ளலாமா?

திருப்புளி:
வேண்டாம். உங்கள் கோப்புகள் சேமிப்பகத்தில் (ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி) இருக்கின்றன, அவற்றுக்குப் பேட்டரியால் இதுவரை ஒன்றும் ஆகியிருக்காது. பழுதுபார்ப்பவரிடம் முதலில் பேட்டரியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். பல கணினிகள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும். ஓடாவிட்டால் சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம்.

தும்பி:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. அதற்குள் இருந்த மூன்று செல்களில் (மின்கலங்களில்) இரண்டு தலையணை மாதிரி உப்பியிருந்தன; அவற்றின் மேல் இருந்த தகடு வளைந்தே போயிருந்தது. கோப்புகள் எல்லாம் பத்திரம். பழையதை மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைத்துவிட்டேன். புதியதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

திருப்புளி:
நிம்மதி. இரவு முழுக்கக் கிடந்தாலும் மின்சுற்று 100 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடும். ஆனால் முழுதாக ஏறிய செல் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உச்சத்தில் மாதக்கணக்காக, அதுவும் சூட்டோடு நிற்பதுதான் அதைத் தின்கிறது. உங்கள் மெத்தை காற்றுத் துளைகளை அடைத்திருக்கும். கெட்டியான பரப்பில் வையுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே வேலை என்றால், கணினியின் அமைப்பிலோ பயாஸிலோ (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) 80% சார்ஜ் வரம்பு இருக்கிறதா என்று தேடி இன்றே போட்டுவிடுங்கள். பயணத்துக்கு முன் மட்டும் 100%. பல வாரம் தொடாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜோடு அணைத்து வையுங்கள்.

வேப்பம்பூ:
இதைப் படித்துவிட்டு என் கணினியை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. என் மகளுடையதை நாளை பார்க்கிறேன், அவளும் மெத்தையில் வைத்துத்தான் படிக்கிறாள்.