மோன் வாந்தூ: பெதுவான் பக்கம் ஏற 34/28 போதுமா? எந்தப் பக்கம் இறங்குவது?

மேட்டுக்காரன்

ஜூன் கடைசி வாரம் பிரான்ஸின் புரோவான்ஸில் மூன்று நாள் சைக்கிள். அதில் ஒரு நாள் மோன் வாந்தூ மலைக்கு. தங்குவது பெதுவான் ஊரில்.

வண்டி: ஷிமானோ 105 ஆர்7000, ரிம் பிரேக், முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல், அலுமினிய ரிம், 25 மி.மீ. டயர். என் எடை 75 கிலோ. ஒரு மணி நேரம் முழுமூச்சாக மிதித்தால் 230 வாட் வரும்.

பெதுவான் பக்கம் 21.5 கி.மீ., சராசரி 7.5% என்று போட்டிருக்கிறது. இந்த கியர் தாங்குமா? ஏறிய வழியிலேயே இறங்கலாமா, சுற்றி வரலாமா? ரிம் பிரேக்கோடு அந்த இறக்கம் எப்படி? வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும்?

கடைசிப்பல்

அந்த 7.5%-ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதல் ஆறு கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 4% சுமாருக்குப் போகும் சாது ரோடு. அதுதான் சராசரியை இறக்கிக் காட்டுகிறது. சேந்த்-எஸ்தேவ் வளைவில் ரோடு இடப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் நுழையும். அங்கிருந்து காட்டின் முடிவில் உள்ள ஷாலே ரெனார் கடை வரை ஒன்பதரை கி.மீ., 9%-க்கு மேலேயே நிற்கும். மூச்சு வாங்க ஒரு சமதளம் கிடையாது.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். மொத்த ஏற்றம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும், அவ்வளவு நேரம் தாங்குவது 190 வாட்தான். ஆளும் வண்டியும் தண்ணீருமாக 86 கிலோ என்றால், 9% மேட்டில் அது மணிக்கு 8.2 கி.மீ. அந்த வேகத்தில் 34/28-இல் நிமிடத்துக்கு 53 சுற்று, 34/32-இல் 61, 34/34-இல் 65. ஐம்பத்து மூன்று சுற்றில் எழுபது நிமிடம் மிதிப்பது என்பது முழங்காலுக்கு வேறு வேலை. கேடன்ஸை, அதாவது மிதிச் சுற்றின் வேகத்தை, பிடிக்க வேகத்தைக் கூட்டினால் 250 வாட் கேட்கும், பாதிக் காட்டில் கால் கட்டிக்கொள்ளும். ஆகவே 11-34 போடுங்கள்.

போடும் முன் பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) குட்டைக் கூண்டா, நீளக் கூண்டா என்று பாருங்கள். உள்பக்கம் எஸ்எஸ் என்றோ ஜிஎஸ் என்றோ பொறித்திருக்கும். ஆர்7000 எஸ்எஸ் அதிகபட்சம் 30 பல்தான். ஜிஎஸ் 34 வரை ஏற்கும். எஸ்எஸ்ஸில் பி-ஸ்க்ரூவை (டெரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் திருகு) முழுக்க முறுக்கி 32 ஓட்டுகிறவர்கள் உண்டு, டெரெய்லர் தொங்கும் ஹேங்கரைப் பொறுத்து ஓடவும் செய்யும். ஆனால் எஸ்எஸ் செயின் தொய்வை இழுக்கும் திறன் 35 பல், 50/34-உம் 11-32-உம் சேர்ந்தால் 37 தேவை. சிறியது-சிறியதில், அதாவது முன்னும் பின்னும் சிறிய பல்லில், செயின் தொங்கும்.

இன்னொன்று செயின் நீளம். பழைய 11-28-க்கு வெட்டிய செயினோடு 34-ஐப் போட்டுவிட்டு, களைப்பில் தெரியாமல் பெரியது-பெரியதில் தள்ளினால் டெரெய்லர் முன்னால் இழுபட்டு ஹேங்கரோடு பிய்ந்துவிடும். டெரெய்லரில் நுழைக்காமல் 50-ஐயும் 34-ஐயும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடித்து, அதற்கு மேல் ஒரு அங்குலம், அதாவது உள்கண்ணி ஒன்று வெளிக்கண்ணி ஒன்று, விட்டு வெட்டுங்கள். புதுச் செயின்தான் வேண்டியிருக்கும்.

காற்றாடி

கியர் பற்றி மேலே சொன்னது சரி. நான் வழியையும் காற்றையும் சொல்கிறேன்.

பெதுவானில் ஏறி அதே பக்கம் இறங்குவதைவிட, ஷாலே ரெனார் வரை இறங்கி அங்கே டி164 சாலையில் பிரிந்து சோ ஊருக்குப் போங்கள். உச்சியிலிருந்து 26 கி.மீ., சராசரி நாலரை சதவீதம்தான், பிரேக்குக்கு வேலை குறைவு. சோ மேட்டின் மேல் உட்கார்ந்த ஊர், நுழையும்போது ஒரு சிறு ஏற்றம் பாக்கி இருக்கும். சாப்பாடு அங்கே. பிறகு மொனியூ வழியாக நெஸ்க் பள்ளத்தாக்கு, டி942. காஸ்தெல்ராஸ் பார்வைமுனை 734 மீட்டரில், அதுவரை லேசான மேடு. அங்கிருந்து வில்-சூர்-ஓஸோன் வரை பாறையைக் குடைந்த சாலை, கிட்டத்தட்ட இருபது கி.மீ. மிதிக்காமலே உருளும். இடையில் விளக்கில்லாத சிறு குகைப்பாதைகள் வரும், கறுப்புக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டுப் போங்கள். திரும்ப பெதுவான் சேரும்போது சுமார் 90 கி.மீ. ஆகியிருக்கும். என் கணக்கில் அந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல சுற்று கிடையாது.

காற்றை வேடிக்கையாக எடுக்காதீர்கள். மிஸ்திரால் என்ற இந்தப் பக்கத்துக் காற்று வடக்கிலிருந்து வரும். நீங்கள் ஏறுவதோ தென்சரிவு. காட்டுக்குள் இலை அசையாது, ஷாலே ரெனார் தாண்டி மொட்டைப் பாறையிலும் பாதி மறைவு இருக்கும். உச்சிக்கு ஒரு கி.மீ. முன்னால் கோல் தெ தாம்பேத்தில், 1,829 மீட்டரில், முகட்டைத் தொட்டதும் பக்கவாட்டில் அடிக்கும். 2016 ஜூலை 14 அன்று தூர் தெ பிரான்ஸையே காற்றுக்குப் பயந்து ஷாலே ரெனாரில் முடித்தார்கள். மெத்தேயோ பிரான்ஸ் வானிலை அறிக்கையில் உச்சியின் வேகவீச்சு 70 கி.மீ.க்கு மேல் காட்டினால் நாளை மாற்றுங்கள். உயரமான ரிம் வேண்டவே வேண்டாம்.

பெதுவானுக்கும் உச்சிக்கும் 1,600 மீட்டர் வித்தியாசம், வெப்பம் பத்து டிகிரி குறையும். வியர்த்த உடம்போடு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. முழுக்கை விண்ட்ஜாக்கெட்டும் கையுறையும் பின்பாக்கெட்டில் இருக்கட்டும். அதை உச்சியில் போட்டுக்கொள்ளாமல், 1967 தூரில் இந்த மேட்டில் இறந்த வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக்கல் பக்கம் நின்று மாட்டலாம் என்று கிளம்பாதீர்கள். ஒன்றரை கி.மீ.க்குள் நடுங்க ஆரம்பித்துவிடும்.

ரிம் பிரேக், அலுமினிய ரிம் என்றால் பயமில்லை. கார்பன் ரிம் என்றால்தான் சூட்டில் பிசின் இளகும் கவலை. தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள், சூடு ஏறிக்கொண்டே போகும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, உடனே முழுக்க விட்டுவிடுங்கள், காற்று ரிம்மை ஆற்றும். கிளம்பும் முன் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்: கறுப்பு ரப்பருக்குள் ஊசிமுனை அளவு வெள்ளியாக மின்னுவது ரிம்மிலிருந்து பிய்ந்த அலுமினியம். குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டு மேல்பரப்பை உப்புத்தாளில் தேயுங்கள். விட்டுவைத்தால் அதுவே ரிம்மைக் கீறும்.

யாழ்ச்சில்லு

தண்ணிக் கதைக்கு வாறன். பெதுவான் ஊருக்குள்ள குழாய் இருக்கு, அங்க 750 மி.லி. போத்தல் ரெண்டையும் நிரப்புங்கோ. அதுக்குப் பிறகு நம்பக்கூடிய இடம் ஷாலே ரெனார் கடைதான். காட்டுக்குள்ள ஒண்டும் இல்லை. சோவில திரும்ப நிரப்பலாம். பிரான்ஸ் கிராமங்களில குழாய் தெரியாட்டி சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டம்) போங்கோ, பூவுக்கு ஊத்திற பைப் ஒண்டு கட்டாயம் கிடக்கும். 'ஓ நோன் போதாப்ள்' எண்டு எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

சாப்பாடு மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்தாவது உள்ள போகவேணும். காட்டுக்குள்ள போனாப் பிறகு வாய்க்குள்ள ஒண்டும் இறங்காது, முதல் ஆறு கி.மீ.லயே சாப்பிடத் தொடங்குங்கோ. பாண் கடையள் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பூட்டினால் மூண்டு, நாலு மணிக்குத்தான் திறப்பினம். கன கடையள் திங்களும் பூட்டு. பெதுவானில திங்கள் காலமை சந்தை, றோட்டு முழுக்கச் சனம், அண்டைக்கு வெளிக்கிட வேண்டாம். மற்ற நாளிலயும் வெள்ளண ஆறரைக்கே வெளிக்கிட்டால் காட்டு வெக்கையில மாட்டுப்பட மாட்டியள்.

ஒரு பலகையை மட்டும் கண்டால் உடனே வேகத்தைக் குறையுங்கோ: 'கிராவியோன்'. கோடையில தாருக்கு மேல சின்னக் கல்லைக் கொட்டி விடுவினம், கார் சில்லுத்தான் அதை அமத்தோணும். முதல் நாளுகளில வளைவின்ர வெளிப்பக்கம் கல்லெல்லாம் குவிஞ்சு கிடக்கும். கார் சில்லு போன தடத்திலயே போங்கோ, சரிச்சுத் திருப்பாதேங்கோ.

சட்டம்: காதில இயர்ஃபோன் இருந்தால் 135 யூரோ தண்டம். மணி கட்டாயம். ஊருக்கு வெளியில இருட்டிலயோ பனிப்புகாரிலயோ பிரதிபலிக்கிற மேலங்கி போடவேணும். பலகை ஒண்டும் இல்லாத சந்தியில வலப்பக்கத்தால வாறவனுக்குத்தான் முதல் வழி, கிராமத்துச் சந்துகளில இதுதான் ஆக்களை விழுத்துறது.

மேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஜிஎஸ் டெரெய்லரும் ஹெச்ஜி800 11-34 கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) புதுச் செயினும் வாங்கிப் போட்டாயிற்று. அதைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன்-மீட்டருக்கு முறுக்கியும் கேசட் லொடலொடவென்று ஆடுகிறது. எதில் தப்பு?

கடைசிப்பல்

1.85 மி.மீ. ஸ்பேசர் போடவில்லை. அந்த 11-34 பழைய அகலக் குறைவான ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம்) பொருந்தும்படி செய்தது. உங்களுடையது 11 வேக ரோட் ஹப், அதன் உடல் கொஞ்சம் நீளம். லாக்ரிங் கேசட்டை அழுத்தாமல் ஹப் உடலில் போய் முட்டிக்கொள்கிறது. கேசட் வந்த பெட்டியிலேயே மெல்லிய வளையம் ஒன்று இருக்கும், அதைக் குப்பையில் போடவில்லையே? முதலில் அந்த வளையம், அதற்கு மேல் கேசட், பிறகு லாக்ரிங்.

போட்டதும் செயினை 34 பல் சக்கரத்தில் வைத்து, மேல் புல்லிக்கும் பல்லுக்கும் நடுவே 5-6 மி.மீ. இடைவெளி வரும்வரை பி-ஸ்க்ரூவைத் திருப்புங்கள். கேசட் ஸ்பேசர் அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும் என்பதால் டெரெய்லர் இரு பக்கமும் எல்லை தாண்டாமல் தடுக்கும் இரண்டு லிமிட் ஸ்க்ரூவையும் திரும்பப் பாருங்கள். 34-இலிருந்து செயின் ஸ்போக்குக்குள் விழுவதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஸ்டாண்ட், சேந்த்-எஸ்தேவ் வளைவு அல்ல.