மார்த்தாண்டத்திலிருந்து 3 குடும்பம், 12 பேர்: பரீட்சை லீவுக்குக் கோவளமா, பூவாறா, வர்க்கலாவா?

மேம்பாலத்தடி கேட்டது:

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் கடைசி வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை கடற்கரையில் தங்கலாம் என்று மூன்று குடும்பம் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் 6 பேர், பிள்ளைகள் 6 பேர். பிள்ளைகளுக்கு வயது 3, 5, 7, 9, 12, 14. மூத்த இரண்டு பேருக்கும் குளத்தில் நீச்சல் தெரியும். கடலில் நீந்திப் பழக்கம் யாருக்கும் இல்லை.

களியக்காவிளை தாண்டிப் போகிற மாதிரிதான் யோசனை. கோவளம், பூவாறு, வர்க்கலா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். படம் பார்த்தால் மூன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாட எது சரி? வேன் எடுப்பதா, இரண்டு கார் எடுப்பதா? இன்னொன்று, ஏப்ரல், மே வந்தாலே கள்ளக்கடல் என்று செய்தி வருகிறது. வெயில் இப்படிக் காயும்போது கடல் எப்படி ஏறும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விழிஞ்ஞம் பக்கம் எழுதியது:

பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் கோவளம்தான். அதிலும் லைட்ஹவுஸ் பீச் அல்லது அதற்கு வடக்கே இருக்கிற ஹவ்வா பீச். அழகுக்காகச் சொல்லவில்லை. அங்கே உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், கொடி நடுகிறார்கள், விசில் அடித்து ஆளை ஏற்றுகிறார்கள். சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இரண்டு நட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்கலாம். பொழுது சாய்ந்து அவர்கள் கிளம்பிவிட்டால் பிள்ளைகளும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

பூவாறு படகில் போய்ப் பார்க்கிற இடம், குளிக்கிற இடம் இல்லை. நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம் அது. மணல் திட்டு கடல் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது, இரண்டு எட்டு வைத்தால் ஆழம். படகில் ஏறும் முன் வாடகை படகுக்கா, தலைக்கா என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தனி அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

வர்க்கலா பாபநாசம் பெரியவர்களுக்கு நல்ல இடம். ஆனால் விடுதிகளில் பாதி குன்றின் விளிம்பில் இருக்கின்றன. 3 வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே மூன்று பகல் இருக்க முடியாது. குன்றின் அடியில் நிழல் கிடைக்கிறதே என்று உட்காரவும் கூடாது. செம்பாறையும் களிமண்ணும் உதிர்கிற சுவர் அது.

கள்ளக்கடல் நம் ஊர்க் காற்றால் வருவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் கிளப்பிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம் கரையைத் தொடுகிறது. அதனால்தான் வானம் வெளுத்து, காற்று அசையாமல் இருக்கும்போதே கடல் ஏறுகிறது. சாதாரண நாளில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 7, 8 விநாடி இருக்கும். இதில் 15 விநாடிக்கு மேல் போகும். எச்சரிக்கையில் அலை உயரம் ‘1 மீட்டர்’ என்று பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைக்கக் கூடாது. இடைவெளி கூடக்கூட ஒவ்வோர் அலையும் சுமந்து வரும் தண்ணீர் கூடும், மணலில் ஏறும் தூரம் கூடும், திரும்பும்போது காலை வாரும் வேகமும் கூடும். பெரிய அலைகள் நாலைந்து கூட்டமாக வந்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் கடல் படுத்துக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். 2024 மே 6 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இந்த மாதிரிக் கடலில்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம்தான் இந்த முன்னறிவிப்பைத் தருகிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவும், அங்கே போனபின் தினமும் காலையிலும் பாருங்கள். போனதும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளைகளை இறக்குங்கள்.

இழுப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் அந்தப் பத்து நிமிடம் உதவும். அலை உடைகிற இடமெல்லாம் வெள்ளை நுரை கிடக்கும். நடுவில் ஓர் இடம் மட்டும் நுரை இல்லாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். பார்த்தால் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்றே தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அதுதான். பாறை ஓரங்களில் இது எப்போதும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பீச்சின் இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் நில்லுங்கள். யாராவது மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்துகொண்டு கையைத் தூக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். குளத்து நீச்சல் தெரிந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். எதிர்த்து நீந்திக் களைத்துப் போகிறவர்கள் நீச்சல் தெரிந்தவர்கள்தான்.

மூன்று குடும்பம் சேர்ந்து போகும்போது பெரிய ஆபத்து, எல்லாரும் இருக்கிறார்களே என்று யாருமே பார்க்காமல் இருப்பது. ஆறு பெரியவர்களையும் இரண்டிரண்டாகப் பிரித்து 20 நிமிட முறை வையுங்கள். ஒருவர் தண்ணீரில், பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவே நிற்க வேண்டும். இன்னொருவர் கரையில் நின்று தலை எண்ண வேண்டும். இரண்டு பேர் கையிலும் போன் கூடாது. முறையில் இருப்பவர் கழுத்தில் சிவப்புத் துண்டு கிடக்கட்டும். அடுத்தவர் கையில் அந்தத் துண்டைக் கொடுத்து, ‘ஆறு பிள்ளையும் இருக்கு’ என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் விலக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காற்றடைத்த டியூப் வேண்டவே வேண்டாம். காலையில் கரைக்காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். பெண்கள் சேலையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் காவல் நிற்க முடியாது, நனைந்த துணி காலைச் சுற்றும். ஜீன்ஸும் அப்படித்தான். அரைக்கால் சட்டை, டீ ஷர்ட் போதும்.

ஒரு யோசனை: வெள்ளி முதல் ஞாயிறுக்குப் பதிலாக, முடிந்தால் திங்கள் முதல் புதன் என்று மாற்றுங்கள். கேரளத்திலும் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. வார இறுதியில் தலை எண்ணுவதே கஷ்டம்.

பாறசாலை ரூட் எழுதியது:

வேனே எடுங்க அண்ணே. ஆனா 12 சீட் வேண்டாம், 17 சீட் எடுங்க. 12 பேர் உட்கார்ந்ததும் பெட்டி, கூலர், பந்து, மண்வெட்டி எல்லாம் மடியிலதான் வரும்.

தமிழ்நாட்டு வாடகை வண்டின்னா கேரளாவுக்கான அனுமதி, வரி ரசீது வண்டியில இருக்கணும். டிரைவர் ‘அங்க போய்ப் பாத்துக்கலாம்’னு சொன்னா ஒத்துக்காதீங்க. ரசீதுல திரும்பி வர்ற தேதி வரைக்கும் செல்லுபடி இருக்கான்னு நீங்களே வாசிச்சுப் பாருங்க. சொந்தக்காரர் வண்டின்னு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீங்க, விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிருவான்.

களியக்காவிளை தாண்டினதும் காரோடுங்கிற இடத்துல தேசிய நெடுஞ்சாலை 66 பைபாஸ் ஏறிடுங்க. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் மொத்தமும் தப்பிச்சிரும். கோவளம் ஜங்ஷன்ல இறங்கிக்கலாம். திருவல்லம் டோல் அதுக்கு வடக்கே, கோவளம் வரைக்கும் அது குறுக்கே வராது.

விடுதி பிடிக்கும்போது ஒண்ணு கேளுங்க: வண்டி வாசல் வரைக்கும் வருமா? லைட்ஹவுஸ் பீச் நடைபாதை ஓரத்து விடுதி பலதுக்கும் வராது. பெட்டியைத் தூக்கிட்டு, தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுட்டுச் சந்துல இறங்கணும்.

மேம்பாலத்தடி:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. திங்கள் முதல் புதன் என்று மாற்றிவிட்டோம். சிவப்புத் துண்டு யோசனை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். வெயிலுக்கும், சொறிமீன் பட்டாலும் என்ன செய்வது? செலவை மூன்றாகப் பிரித்தால் சரியா? ஒரு குடும்பத்தில் 3 பிள்ளை, ஒன்றில் 2, ஒன்றில் 3 வயதுக் குழந்தை மட்டும்.

இரணியல் நர்ஸ் எழுதியது:

தம்பி, காலை 9.30க்குள் ஒரு முறை, மாலை 4க்கு மேல் ஒரு முறை, அவ்வளவு கடல் போதும். நடுப்பகலில் அறையில் தூங்க வையுங்கள். கோவளம் மணலில் கருமணல் கலந்திருக்கிறது, மதியம் வெறும் காலில் நடந்தால் பிள்ளைகளுக்குப் பாதம் பொத்துவிடும். செருப்பு தண்ணீர் ஓரம் வரை வரட்டும். முழுக்கை நீச்சல் சட்டையும் தொப்பியும் போட்டுவிட்டால் வெயில் தடுப்புக் கிரீம் பூச வேண்டிய இடம் முகம், கழுத்து, கால் மட்டும்தான். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாதது வாங்கி, இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பு பூசுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, துடைத்த பிறகு ஒரு முறை. விரல் நுனியில் தொட்டுத் தடவுவது பத்தாது.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை லிட்டரில் கலக்கினால் உப்பு கூடிவிடும், அது கெடுதல். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

சொறிமீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் விஷ முட்கள் அதில் இன்னும் வெடிக்கும். கடல் தண்ணீராலேயே கழுவி, நூல் மாதிரி ஒட்டியதைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, கை தாங்குகிற சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடமாவது வையுங்கள். பிள்ளையின் கையில் ஊற்றும் முன் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே 108.

இதைக் கட்டாயம் எல்லாரிடமும் சொல்லுங்கள். தண்ணீரில் மூழ்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தப்பு. அதில் நேரம் போகும், வயிற்றில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் ஏறும். மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108ஐக் கூப்பிட, இன்னொருவர் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆஸ்பத்திரி ஆள் வரும் வரை நிறுத்தக் கூடாது. பிழைத்து எழுந்து ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கணக்கு நோட்டு எழுதியது:

செலவை மூன்று வகையாகப் பிரியுங்கள். அறை, அறைக் கணக்கு. வண்டி, சீட் கணக்கு: 2 பிள்ளை வீட்டுக்கு 4, 3 பிள்ளை வீட்டுக்கு 5, ஒரு குழந்தை வீட்டுக்கு 3. மூன்று வயதுக்கும் சீட் உண்டு, மடி வேண்டாம். சாப்பாடு, பங்குக் கணக்கு: 12 வயதும் மேலும் ஒரு பங்கு, 5 முதல் 11 வரை அரை, அதற்குக் கீழே இல்லை. 7, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு வீடு, 5, 9, 12 இன்னொரு வீடு என்றால் 3.5, 4, 2, ஆகமொத்தம் 9.5 பங்கு. சாப்பாடு 9,500 ரூபாய் ஆனால் 3,500, 4,000, 2,000. ஒருவர் மட்டும் பணம் கொடுத்து எழுதட்டும், அன்றன்று இரவே வாசித்துக் காட்டட்டும். ஊருக்கு வந்து பேசினால்தான் மனஸ்தாபம்.

சமையல் வசதி இருந்தால் மீன் விழிஞ்ஞத்தில் வாங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15இல் தொடங்கிவிடும், மேற்கில் ஜூன் 1 வரை இல்லை. 12 பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோ நெய்மீன் தாராளம். கூலரில் மீன் எடைக்குச் சம எடை ஐஸ் போட வேண்டும்.

விழிஞ்ஞம் பக்கம்:

திங்கள் என்று மாற்றச் சொன்னது நான்தான், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கடல் எச்சரிக்கை வந்தால் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அதுவும் நேப்பியர் மியூசியமும் திங்களன்று மூடியிருக்கும், பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படியே. நீச்சல் குளம் இருக்கிற விடுதியாகப் பாருங்கள். குளத்து ஓரத்திலும் அந்தத் துண்டு ஒருவர் கழுத்தில் கிடக்கட்டும்.